பல் பிடுங்கிய பின்னரும் அகலாத விறைப்பு

அன்புவழிபுரத்திலிருந்து திருகோணமலை நகருக்குக் காலையில் சென்று கீழ்த்தாடைப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு திரும்பும் ஒருவர், மதியம் வரை தமது உதட்டில் உணர்வின்றி இருப்பது இயல்பே. மறுநாள் விடிந்த பின்னரும் அவ்விறைப்பு அகலாதிருப்பின் என்ன செய்வது? இதனை அறியாமையால் சிலர் வீணாக அஞ்சுகின்றனர். வேறு சிலரோ வைத்தியரிடம் மீண்டும் செல்லாது பெறுமதியான காலத்தை இழந்துவிடுகின்றனர்.

சோடியம் அயன்கள் நரம்பிழைகளினுள் நுழைவதாலேயே வலி மூளையைச் சென்றடைகின்றது. 1943 இல் சுவீடனில் உருவாக்கப்பட்ட லிடோகெய்ன் என்ற மருந்து அந்த நுழைவாயில்களைத் தற்காலிகமாக அடைத்துவிடுகின்றது. அதனுடன் சேர்க்கப்படும் அட்ரினலின், இரத்தக் குழாய்களைச் சுருக்கி மருந்தை அவ்விடத்திலேயே தங்கச் செய்கின்றது. இதனால் பல்லின் விறைப்பு ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்தில் குறைந்தாலும் உதடும் நாக்கும் வழமைக்குத் திரும்ப 3 முதல் 5 மணித்தியாலங்கள் செல்லக்கூடும்.

இக்காலப்பகுதியில் சிறுவர்கள் தம் உதட்டைக் கடித்துப் புண்ணாக்கிவிடாதவாறு பெற்றோர் கவனித்தல் வேண்டும். ரமழான் மாதத்தில் பிற்பகலில் ஊசி போட்டுக்கொண்டவர்கள், நோன்பு துறக்கும் வேளையில் கஞ்சியை நன்கு ஆறவைத்தே பருக வேண்டும். விறைத்த வாய்க்குச் சூடு தெரியாது.

மறுநாளும் விறைப்பு நீடிப்பின் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கக்கூடும். கீழுதட்டுக்கும் நாடிக்கும் உணர்வளிக்கும் நரம்பு தாடை எலும்பினுள்ளும், நாக்குக்கான நரம்பு ஞானப்பல்லின் உட்புறத்தை அண்டியும் செல்கின்றன. ஊசிமுனை, மருந்து, இரத்தக்கசிவு, சத்திரசிகிச்சை என்பவற்றுள் ஏதேனும் ஒன்று அவற்றைத் தாக்கலாம். இவை உணர்வு நரம்புகளாதலால் முகம் கோணுவதில்லை. முகம் கோணி, கை தளர்ந்து, பேச்சும் குழறினால் அது பாரிசவாதமாக இருக்கலாம். உடனடியாக வைத்தியசாலைக்கு விரைய வேண்டும்.

விறைப்பு நீடிப்பவர்கள் மறுநாளே சிகிச்சையளித்த பல் வைத்தியரிடம் தெரிவித்தல் வேண்டும். விறைத்த பகுதியின் எல்லையையும் திகதியையும் குறித்துவைத்தால், அது சுருங்கி வருகின்றதா என்பது புலப்படும். ஊசியினால் ஏற்படும் பாதிப்பு பெரும்பாலானோருக்கு 8 வாரங்களுக்குள் நீங்கிவிடுகின்றது. அறுந்த நரம்பிழை நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீற்றர் வரையே வளர்வதால் பொறுமை அவசியமாகும். எனினும் உணர்வு முற்றாக அற்றிருந்தாலோ, எரிவும் வலியும் தோன்றினாலோ, வாய், முகத்தாடைச் சத்திரசிகிச்சை நிபுணரைக் காலந்தாழ்த்தாது நாட வேண்டும். நரம்பைச் சீர்செய்யும் சத்திரசிகிச்சை முதற்சில மாதங்களிலேயே அதிக பயனளிக்கின்றது.

எவ்வித ஊசியுமின்றி உதடோ நாடியோ விறைப்பது இதனிலும் பாரதூரமானது. புற்றுநோய் நரம்பைத் தாக்கியதன் அறிகுறியாகவும் அது இருக்கலாம். இலங்கை ஆண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய் என்பதால், வெற்றிலை, பாக்கு, புகையிலை பாவிப்போர் இதனை ஒருபோதும் அலட்சியம் செய்யலாகாது.

ஊசிக்கு அஞ்சிப் பற்சிகிச்சையைத் தவிர்ப்பது தீர்வாகாது. நிலைத்துவிடும் விறைப்பு மிக அரிது. வலியில்லையே என்றெண்ணி வீட்டில் இருந்துவிடாது, உரிய வேளையில் வைத்தியரிடம் திரும்பிச் செல்வதே அறிவுடைமையாகும்.