170 பவுன் ரோமானியத் தங்கம்... திருக்கோவிலூர் பக்கம் புதைச்சது யாரு?

சேலத்துல இருந்து விருத்தாசலம் போற ரயில்ல ஜன்னலோர சீட் கிடைச்சா, போனைக் கொஞ்ச நேரம் உள்ளே வெச்சுட்டு வெளியே பாருங்க. ஆத்தூர் வரைக்கும் ரெண்டு பக்கமும் மலை கூடவே வரும். வடக்கே கல்வராயன், தெற்கே பச்சைமலை. தலைவாசல் தாண்டி சின்னசேலம் வந்ததும் மலைகள் விலகி, வானம் அகலமாகிடும். அதுக்கப்புறம் கடல் வரைக்கும் கிட்டத்தட்ட சமதரைதான்.

இந்த இடைவெளிக்குப் பேர் ஆத்தூர்க் கணவாய். கொங்கு நாட்டுல இருந்து கிழக்குக் கடற்கரைக்கு மலை ஏறாமல் போறதுக்கு இயற்கையே போட்டுக் கொடுத்த வழி. இன்னிக்கு இந்த வழியில மக்காச்சோள லாரியும் மரவள்ளிக் கிழங்கு லாரியும் போகுது. 2,000 வருஷத்துக்கு முன்னாடி போனது மாட்டு வண்டிகள். கடலோரத்து உப்பு மேற்கே வரும், உள்நாட்டுச் சரக்கு கிழக்கே போகும். அந்தச் சரக்குக்கு விலையா வந்த பணத்துல ஒரு பங்கு, ரோமாபுரியில அச்சடிச்சது.

'அப்போ சின்னசேலத்துல ரோமானியர்கள் குடியிருந்தாங்களா?'ன்னு கேட்டால், இல்லை. இங்கிலாந்துல ஒரு சின்ன சந்தை ஊரைத் தோண்டினால்கூட ரோமானிய வீடு, குளியல் அறை, வண்ணக் கல் பதிச்ச தரை எல்லாம் கிடைக்கும். காரணம், ரோம் அங்கே சுமார் 350 வருஷம் ஆட்சி செஞ்சது. நம்ம பக்கம் ரோமின் ஆட்சி வரவே இல்லை. இங்கே வந்தது பணமும், ஒயின் ஜாடியும், கொஞ்சம் வியாபாரிகளும்தான். சங்கப் பாடல்கள் 'யவனர்' என்று சொல்வதும் ரோம்காரர்களை மட்டுமல்ல. கிரேக்கர்கள், எகிப்துல இருந்து கப்பலேறியவர்கள் எல்லாரும் அந்த ஒரே பெயருக்குள் அடக்கம்.

193 காசுகள்

சின்னசேலத்துல இருந்து பைக்குல கிளம்பினால் ஒன்றரை மணி நேரத்துல திருக்கோவிலூர். இப்போ ரெண்டு ஊருமே கள்ளக்குறிச்சி மாவட்டம்தான். 1990-களின் தொடக்கத்துல இந்தத் திருக்கோவிலூர் வட்டாரத்துல ஒரு புதையல் கிடைச்சது. எண்ணிப் பார்த்தால் 193 காசுகள். அத்தனையும் ரோமானியத் தங்கம்.

ரோமின் தங்கக் காசுக்கு ஔரியஸ்னு பேர். ஒரு காசு சுமார் 7 கிராம். 193 காசுன்னா, நம்ம வீட்டுக் கணக்குல ஏறத்தாழ 170 பவுன். அந்தக் காலத்து மதிப்பு தெரியணுமா? முதல் நூற்றாண்டுல ரோமானியக் காலாட்படைச் சிப்பாய்க்கு ஒரு வருஷச் சம்பளம் 225 டெனாரியஸ் வெள்ளிக்காசு. 25 வெள்ளிக்காசு சேர்ந்தால் ஒரு ஔரியஸ். அதாவது, வருஷத்துக்கு 9 தங்கக் காசு. ஒரு சிப்பாய் 21 வருஷம் ஒரு பைசா செலவு பண்ணாமல் சேர்த்தால்தான் இந்தப் புதையல் தேறும். அவ்வளவு பணம் தென்பெண்ணையாற்றுப் பக்கத்துல ஒருத்தர் கையில் இருந்திருக்கு!

அவர் யார்? பெயர் எழுதி வைக்கலை. ஆனால், அவர் ரோமிலிருந்து வந்தவரா இருக்கணும்னு எந்தக் கட்டாயமும் இல்லை. அந்தக் காலத்துல திருக்கோவலூர்ங்கறது மலையமான்களின் ஊர். கடையெழு வள்ளல்களில் ஒருவரான மலையமான் திருமுடிக்காரி ஆண்ட மண். மலையமான்கள் தங்கள் பங்குக்குச் செம்புக் காசு வெளியிட்டார்கள். பெண்ணையாற்று மணலில் அவை கிடைச்சிருக்கு. நாணயவியல் அறிஞர் இரா.கிருஷ்ணமூர்த்தி அவற்றைப் பற்றித் தனி நூலே எழுதினார். காசின் ஒரு பக்கம் குதிரை. மறுபக்கம் மலை, வளைஞ்சு ஓடுற ஆறு, அதுக்குள்ளே மீன்கள். அதாவது, சொந்த ஊரின் மேப்பையே காசுல போட்டிருக்காங்க. எனக்கு ரோமானியத் தங்கத்தைவிட இந்தச் செம்புக் காசுதான் பிடிச்சிருக்கு.

இதுல ஒரு விஷயம் கவனிக்கணும். உள்ளூர்ச் செலவுக்கு உள்ளூர்ச் செம்பு இருந்தது. அப்புறம் எதுக்கு ரோமானியத் தங்கம்? இப்போ நம்ம வீட்டுல தங்கம் எதுக்கோ, அதுக்குத்தான். சேமிப்பு, பெரிய பேரம், அவசரத் தேவை.

உரசிப் பார்த்த ஊர்

வெளிநாட்டுக் காசுன்னதும் நம்மாளுங்க கண்ணை மூடிட்டு வாங்கிடலை. உடுமலைப்பேட்டை பக்கத்துல பூதிநத்தத்துல 1946-ல் 1,398 வெள்ளிக்காசுகள் கிடைச்சது. பெரும்பாலும் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்தவை. தமிழகத்துல கிடைக்கிற ரோமானிய வெள்ளியில் இந்த ரெண்டு பேரின் காசுகள்தான் அதிகம். கி.பி. 64 வாக்கில் நீரோ மன்னர் வெள்ளிக்காசின் எடையையும் தரத்தையும் குறைச்சார். அதுக்குப் பிந்தைய வெள்ளிக்காசுகள் இங்கே மிகக் குறைவு. ரோமில் அரசாணை போட்டு, மட்டமான காசை அதே மதிப்புக்குச் செல்ல வைக்கலாம். கொங்கு நாட்டு வியாபாரிகிட்ட அது நடக்குமா?

புதுக்கோட்டை மாவட்டம் கருக்காக்குறிச்சியில் 1898-ல் கிடைச்ச 501 தங்கக் காசுகள் இன்னும் சுவாரஸ்யம். பெரும்பாலான காசுகளில் மன்னரின் முகத்துக்குக் குறுக்கே உளியால் ஒரு வெட்டு! தேய்ஞ்ச காசுகளைத் திரும்பப் புழக்கத்துக்கு வராமல் தடுக்கச் செஞ்சதா ஒரு விளக்கம் உண்டு. எப்படிப் பார்த்தாலும், வெட்டினவங்களுக்கு அது சீஸரின் முகம் கிடையாது, வெறும் உலோகம்.

ரோமின் எழுத்தாளர் பிளினிக்கு இதெல்லாம் வயித்தெரிச்சல். வருஷத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் இந்தியாவுக்குப் போகுதுன்னு எழுதி வெச்சிருக்கார். தங்கக் காசுல கணக்குப் போட்டால் 5 லட்சம் ஔரியஸ். கொஞ்சம் ஏத்திச் சொல்லியிருக்கலாம்னு வரலாற்றாசிரியர்கள் சந்தேகப்படுறாங்க. செலவைப் பற்றிப் புலம்புறவங்க எல்லாக் காலத்துலயும் அப்படித்தானே!

அந்தப் பணத்துக்கு இங்கிருந்து போனது மிளகு, முத்து, பருத்தித் துணி, கல்மணிகள். கொங்குப் பகுதியில் கொடுமணலில் பேராசிரியர் கா.ராஜன் உள்ளிட்டோர் நடத்திய அகழாய்வுகளில் மணி செய்யும் பட்டறைகளும், இரும்பு உருக்கிய உலைகளும் வெளிப்பட்டன. கிழக்குக் கோடியில், சின்னசேலத்துல இருந்து நூறு கிலோமீட்டருக்குச் சற்றுத் தள்ளி, புதுச்சேரி பக்கத்துல அரிக்கமேடு. 1945-ல் மார்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது, இத்தாலியில் செஞ்ச சிவப்பு மெருகு ஏற்றிய தட்டுகளும், ஒயின் வந்த ஆம்போரா ஜாடிகளின் உடைசல்களும் கிடைச்சது. வீலருக்கு முன்னாடியே அந்த இடத்தை உலகுக்குச் சொன்ன பிரெஞ்சுக்காரர் ழூவோ துப்ராய்க்குத் துப்புக் கொடுத்தது, மேட்டுல மணி பொறுக்கி விளையாடின உள்ளூர்ப் பசங்க.

உங்க வயலில் கிடைச்சால்?

இப்போ நம்ம விஷயத்துக்கு வரலாம். அஸ்திவாரம் தோண்டும்போதோ, கிணறு வெட்டும்போதோ ஜே.சி.பி பக்கெட்டுல ஒரு பானை சிக்குதுன்னு வைங்க. நம்ம ஊர்ல அடுத்த சீன் பெரும்பாலும் நகைப்பட்டறைதான். உருக்கிட்டால் கையில் வர்றது தங்க விலை மட்டும். எந்த மன்னர், எந்த வருஷம், எந்த வழியா வந்ததுங்கற தகவல் அத்தனையும் அந்த மூசையிலேயே ஆவியாகிடும்.

போலீஸ், கேஸுனு பயந்துதான் பலர் மறைக்கிறாங்க. சட்டம் உண்மையில் கண்டெடுத்தவருக்குச் சாதகமா இருக்கு. 1878-ம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைச்சால் (ஆமா, பத்து ரூபாய். இன்னிக்கு ஒரு டீகூட வராது) கலெக்டருக்கு எழுத்து மூலமாகத் தெரிவிக்கணும். என்ன கிடைச்சது, எவ்வளவு, எங்கே, என்னிக்குன்னு அதுல இருக்கணும். நூறு வருஷத்துக்கு முன்னாடி புதைச்சது, உரிமையாளர் இல்லைன்னு முடிவானால், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நில உரிமையாளருக்குக் கால் பங்கு. ரெண்டு பேருக்குள்ளே வேற ஒப்பந்தம் இருந்தால் அதுபடி. அரசே எடுத்துக்கிட்டால், உலோகத்தின் மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துக் கொடுக்கணும். சொல்லாமல் மறைச்சால் அந்தப் பங்கும் போய், ஒரு வருஷம் வரை ஜெயிலும் உண்டு. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட காசுகளை உரிமம் இல்லாமல் விற்பதைத் தொழிலா நடத்துவதோ, அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதோ 1972-ம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி தனிக் குற்றம். இன்ஸ்டாவில் 'பழைய காசு வாங்கப்படும்'னு வர்ற விளம்பரத்துக்கு மெசேஜ் பண்றதுக்கு முன்னாடி இதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

இன்னொண்ணு. காசைப் புளி போட்டுத் தேய்க்காதீங்க. உடைஞ்ச பானை ஓட்டைத் தூக்கிப் போடாதீங்க. காசு எப்போ அச்சானதுன்னு மன்னரின் முகம் சொல்லும். அதை எப்போ, எந்த ஊர்க்காரர் புதைச்சார்னு சொல்றதுக்கு அந்தப் பானை ஓடும் சுத்தி இருக்கிற மண்ணும்தான் வேணும். கிடைச்ச இடத்துலயே போன்ல நாலு போட்டோ எடுத்து, லொக்கேஷனைச் சேமிச்சுட்டு, வி.ஏ.ஓ-வுக்கும் தாசில்தாருக்கும் தகவல் சொல்லிட்டு, கலெக்டருக்கு லெட்டர் எழுத உட்காருங்க.