பஸ்ரா போன சிப்பாயைக் கொன்றது எது தெரியுமா?

முதல் உலகப் போர் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது பிரான்ஸின் பதுங்குகுழிகள்தான். ஆனால் அந்தப் போரில் இந்திய வீரர்கள் மிக அதிகமாக அனுப்பப்பட்ட இடம் மெசபடோமியா, அதாவது இன்றைய ஈராக்! மாதம் 11 ரூபாய் சம்பளத்துக்குக் கப்பலேறிய சாதாரணச் சிப்பாய்க்கு அங்கே என்ன நேர்ந்தது? படித்தால் பதறிப்போவீர்கள்!

தோட்டாவைவிட நோய்தான் பெரிய எதிரி, தெரியுமா?

மெசபடோமியாவில் பிரிட்டிஷ் இந்தியப் படையில் சண்டையின்போதே கொல்லப்பட்டவர்கள் சுமார் 11,000 பேர். நோயில் இறந்தவர்களோ 12,000-க்கும் மேல்! காலரா, சீதபேதி, டைபாய்டு, மலேரியா, வெயிலின் கொடுமை... துப்பாக்கியைத் தூக்காமலே இத்தனை உயிர்களைக் குடித்தன. இவர்களும் போரில் இறந்தவர்கள்தானே?

ஒருவன் தட்டில் இன்னொருவனின் மருந்து இருந்தது தெரியுமா?

1915 டிசம்பர் 7. டைகிரிஸ் நதிக்கரையில் கூத் அல் அமாரா என்ற சிறு நகரில் ஜெனரல் டவுன்ஷெண்டின் படையைத் துருக்கியர் வளைத்துக்கொண்டார்கள். 147 நாள் முற்றுகை! உள்ளே இரண்டு விசித்திர நோய்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குக் கால் வீங்கி இதயம் தளரும் பெரிபெரி. இந்தியச் சிப்பாய்களுக்கு ஈறு வீங்கி ரத்தம் கசியும் ஸ்கர்வி. ஒரே ஊர், ஒரே முற்றுகை. நோய் மட்டும் ஏன் வேறு?

சாப்பாடுதான் காரணம்! வெள்ளைக்காரர் தின்றது தீட்டிய வெள்ளை மாவில் சுட்ட ரொட்டி. அதில் தவிடு இல்லை; தவிட்டில் இருக்கும் பி1 வைட்டமினும் இல்லை. இந்தியர் தின்றது தவிட்டோடு அரைத்த ஆட்டா. அதனால் பெரிபெரி அவர்களை நெருங்கவில்லை. ஆனால் காய்கறி இல்லை, பலர் குதிரை இறைச்சியைத் தொடவும் இல்லை. சி வைட்டமினுக்கு வழியே இல்லாமல் போனது. குதிரை இறைச்சி தின்ற வெள்ளையருக்கு ஸ்கர்வி வரவில்லை! வெள்ளை மாவு தீர்ந்து அவர்களும் பார்லியும் ஆட்டாவும் தின்னத் தொடங்கியபோது என்ன ஆனது தெரியுமா? பெரிபெரி அடங்கிவிட்டது!

குதிரை இறைச்சி தின்னலாம் என்று இந்தியாவிலிருந்து மதத் தலைவர்களின் அனுமதி தந்தியில் வந்தது. அப்படியும் பலர் கடைசி நாட்கள் வரை மறுத்தார்கள். ஊரில் சாதி சனம் என்ன சொல்லும் என்ற அச்சம், பசியைவிடப் பெரிதாக இருந்தது!

வானத்திலிருந்து திருகைக்கல் விழுந்தது தெரியுமா?

தானியம் கொஞ்சம் இருந்தது. அரைக்கக் கல் இல்லை. விமானத்தில் கொண்டுவந்து மேலிருந்து போட்டார்கள்! ஏப்ரலில் உணவு மூட்டைகளும் வானத்திலிருந்து விழுந்தன. முற்றுகையில் சிக்கியவர்களுக்கு விமானம் வழியே உணவு அனுப்பிய உலகின் முதல் முயற்சிகளில் இது ஒன்று. ஆனால் அத்தனை வயிறுகளுக்கு அது எந்த மூலைக்கு? 1916 ஏப்ரல் 29 அன்று சுமார் 13,000 பேர் சரணடைந்தார்கள். எலும்பும் தோலுமாக இருந்தவர்களைப் பாலைவனத்தில் நடத்திக் கூட்டிப்போனார்கள். வழியிலும் சிறை முகாம்களிலும் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள்.

உண்மையைச் சொன்ன டாக்டரை மிரட்டினார்கள் தெரியுமா?

1915 இறுதியில் டெசிபான் சண்டையில் காயம்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு ‘மெஜிதியே’ என்ற நீராவிப் படகு பஸ்ரா வந்தது. இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்த மேஜர் கார்ட்டர் தூரத்திலிருந்து பார்த்தபோது, படகின் பக்கவாட்டில் கயிறுகள் தொங்குவதுபோலத் தெரிந்தது. கிட்டே வந்ததும்தான் புரிந்தது. கயிறு அல்ல, வழிந்து காய்ந்துபோன மலம்! சீதபேதியோடும் புண்ணோடும் படுத்துக் கிடந்தவர்களால் எழவே முடியவில்லை. அவர் எழுதி அனுப்பியதைப் பார்த்த மேலதிகாரிகள் அவரைக் கைது செய்வதாக மிரட்டினார்கள்! ஆனால் உண்மை லண்டன் வரை போனது. 1917-இல் விசாரணைக் குழுவின் அறிக்கை வெளியானதும் பிரிட்டிஷ் அரசின் இந்தியா மந்திரி ஆஸ்டின் சேம்பர்லினே பதவி விலகினார்!

ஜெனரலையும் நோய் விடவில்லை தெரியுமா?

1917 மார்ச்சில் பாக்தாதைப் பிடித்த ஜெனரல் மாட், அதே நவம்பரில் காலராவில் இறந்தார். நாடகம் பார்க்கப் போன இடத்தில் காபியோடு குடித்த பால்தான் காரணம் என்று கருதப்பட்டது. எதிர்த்தரப்பில் துருக்கிப் படைக்குத் தலைமை தாங்கிய ஜெர்மானிய மார்ஷல் கோல்ட்ஸ், கூத் விழுவதற்குப் பத்து நாள் முன்பு பாக்தாதில் டைஃபஸ் கண்டு இறந்திருந்தார்!

முளைகட்டிய பயறு ராணுவ மருந்தானது தெரியுமா?

1916-இன் பிற்பாதியில் மட்டும் மெசபடோமியாவில் 11,000-க்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்கு ஸ்கர்வி! லண்டன் லிஸ்டர் ஆய்வகத்தில் ஹாரியட் சிக் என்ற பெண் விஞ்ஞானியின் குழு காரணத்தைத் தேடியது. உலர்ந்த பயறால் ஸ்கர்வியைத் தடுக்க முடியாது. ஊறவைத்து முளைகட்டினால் முடியும் என்று கண்டார்கள். காய்கறி கிடைக்காத இடத்தில் பயறை முளைகட்டிக் கொடுங்கள் என்று படைகளுக்கு யோசனை போனது. நம் அடுக்களையில் ஒரு ராத்திரி ஈரத்துணியில் கட்டிவைக்கிற அதே பயறுதான்! கைக்கெட்டும் தூரத்தில் மருந்து இருக்க, எத்தனை பேர் வீணாகச் செத்தார்கள்!

தமிழர்களுக்கும் பங்கு உண்டு தெரியுமா?

‘தம்பி’ என்று செல்லமாக அழைக்கப்படும் மெட்ராஸ் சாப்பர்கள் அந்த மண்ணில் பணியாற்றினார்கள். சென்னை மாகாண மக்களின் நன்கொடையில் ‘மெட்ராஸ்’ என்ற மருத்துவமனைக் கப்பலும் கடலில் ஓடியது!

இறந்தவர்களின் பெயரைக்கூட வெட்டவில்லை தெரியுமா?

கல்லறை அறியப்படாத 40,000-க்கும் மேற்பட்டோருக்காக எழுப்பியதுதான் பஸ்ரா நினைவுச்சின்னம். அதில் அதிகாரிகளுக்குப் பெயர் உண்டு. இந்தியச் சிப்பாய்களுக்கு? படைப்பிரிவின் பெயருக்குக் கீழே வெறும் எண்ணிக்கை! 2021-இல்தான் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையம் இந்தப் பாகுபாட்டை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது.

அந்த ஆணையத்தின் இணையதளத்தில் இன்று யாரும் இலவசமாகப் பெயர் தேடலாம். உங்கள் வீட்டில் ‘கொள்ளுத்தாத்தா பஸ்ரா போனார், திரும்பி வரவே இல்லை’ என்ற பேச்சு இருந்தால், இன்றே தேடிப் பாருங்கள். காய்ச்சலில் போனாரா, களத்தில் போனாரா என்று பார்க்க வேண்டாம். போருக்குப் போன மனிதர் அவர்; வீட்டுப் பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சொல்லிக்கொடுங்கள்!