வைத்தியப் பரீட்சையும் தேசத் தொண்டர் கடமையும்

கல்வி செல்வர்க்கு மட்டும் உரிய உடைமையாக இருக்கும் வரையில், ஒரு ஜனசமூகம் பூரண விடுதலை அடைந்துவிட்டதென்று சொல்வதற்கில்லை. வைத்தியக் கலாசாலைகளில் சேருவதற்காக இந்தியா முழுமைக்கும் பொதுவாக நடத்தப்படும் ‘நீட்’ என்னும் நுழைவுப் பரீட்சையைப் பற்றித் தமிழ்நாட்டில் நிகழ்ந்துவரும் வாதம் இந்த உண்மையை ஒட்டியே எழுந்தது. அவ்வாதத்தின் நியாயத்தை நாம் குறைத்து மதிக்கவில்லை. ஆயினும், அடுத்த பரீட்சைக்கு உட்காரப்போகும் குடியானவன் மகனுக்கும் நெசவாளி மகளுக்கும் நாம் என்ன துணை செய்தோம் என்னும் கேள்வி நமது மேடைகளில் அதிகமாக எழுவதில்லை. இன்று அதைப் பற்றியே எழுத விரும்புகிறோம்.

பழைய விவரங்களைச் சுருக்கமாக நினைவூட்டுகிறோம். தமிழ்நாட்டில் தொழிற்கல்விக்கு 1984-ல் ஏற்பட்ட நுழைவுப் பரீட்சை, 2006-ல் சட்டசபை இயற்றிய சட்டத்தால் ஒழிந்தது. 2017-ல் நீட் பரீட்சை நம்மீது வந்து அமர்ந்தது. சட்டசபை 2017-லும் 2021-லும் விலக்கு மசோதாக்களை நிறைவேற்றியும் பலன் கிட்டவில்லை. பிந்திய மசோதாவை ஜனாதிபதி நிராகரித்துவிட்டார் என்று 2025 ஏப்ரலில் முதல் மந்திரி சட்டசபையில் அறிவித்தார். ஓய்வு பெற்ற நீதிபதி ஏ. கே. ராஜன் கமிட்டி 2021-ல் தந்த கணக்கு கவனிக்கத்தக்கது. 2016-17-ல் வைத்தியப் படிப்பில் இடம் பெற்றவர்களுள், பள்ளியை முன்னமே முடித்து மறுபடி முயன்று சேர்ந்தவர்கள் நூற்றுக்கு 12.47 பேர், 2020-21-ல் அவர்கள் 71.42 பேர். ஒரு வருஷ காலத்தையும் பயிற்சி நிலையத்தின் கட்டணத்தையும் செலவிட வல்ல குடும்பத்துக்கே வாசல் அகலத் திறக்கிறது என்பது இதன் பொருள். சர்க்கார் பள்ளி மாணாக்கருக்கு 7.5 சதவிகித இடம் ஒதுக்கி 2020-ல் செய்த சட்டம் ஏழைக்கு ஒரு வழியைத் திறந்தது. அவ்வழியில் அவர்களைக் கைப்பிடித்து நடத்துவோர் வேண்டும்.

பரீட்சையை எதிர்ப்பவர்களே அதற்குப் பிள்ளைகளைத் தயார் செய்வது முரணல்லவா என்று சிலர் கேட்கக்கூடும். அநியாய வரியை எதிர்க்கிறவன், ஜப்தியில் பாத்திரம் பண்டம் இழந்த அயல்வீட்டானுக்கு ஒரு வேளை அன்னமிட மறுப்பானா? இரண்டும் ஒருவன் செய்யவேண்டிய கடமைகளே.

இனி ஆயத்தம் செய்யும் முறையைப் பார்ப்போம். 2025-ல் நடந்த பரீட்சையில் 180 நிமிஷத்தில் 180 வினாக்கள். பௌதிகம் 45, ரஸாயனம் 45, ஜீவசாஸ்திரம் 90. மொத்தம் 720 மார்க்கு. சரியான விடைக்கு 4 மார்க்கு உண்டு. தவறான விடைக்கு 1 மார்க்கு கழியும். விடாமல் வைத்த பாடங்களெல்லாம் 11, 12 ஆகிய இரண்டு வகுப்புக்களுக்கும் உரியவை. இங்கேதான் முதல் தவறு நேருகிறது. 11-ம் வகுப்புப் பாடத்தைத் தள்ளிவிட்டு 12-ம் வகுப்புப் பாடத்தையே இரண்டு வருஷம் நடத்தும் வழக்கம் பல பள்ளிகளில் இருந்தது. அதைத் தடுக்க 2017-18-ல் 11-ம் வகுப்புக்குப் பொதுப் பரீட்சை வைத்தார்கள். 2025-26 முதல் அது நீக்கப்பட்டுவிட்டது. பிள்ளைகளின் சுமை குறைந்தது நன்றே. ஆனால் பழைய வழக்கம் தலைதூக்காமல் பெற்றோரும் உபாத்தியாயர்களும் விழிப்பாயிருக்க வேண்டும். அஸ்திவாரமில்லாத வீட்டுக்கு மாடி எதற்கு?

இரண்டாவது, படிக்கும் விதம். நமது பிள்ளைகள் ஒரே பக்கத்தைப் பத்து முறை உருப்போடுகிறார்கள். அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்னும் இரு மனோதத்துவ அறிஞர்கள் 2006-ல் வெளியிட்ட பரிசோதனை இதற்கு விடை கூறுகிறது. ஒரு சாரார் ஒரு பகுதியை இருமுறை வாசித்தனர். மறு சாரார் ஒரு முறை வாசித்துப் பின் ஏட்டை மூடி நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது இருமுறை வாசித்தவர்களே முந்தினர். ஒரு வாரம் கழித்தோ, அவர்களுக்கு நூற்றுக்கு 42 பங்கு நினைவிருக்க, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 பங்கு இருந்தது. ஆகவே மாணாக்கன் ஏட்டை மூடித் தன்னைத் தானே கேட்டுக்கொள்ளவேண்டும். அதே பாடத்தைச் சில நாள் விட்டு மறுபடி கேட்டுக்கொள்ளவேண்டும். இதற்குப் பணம் வேண்டுவதில்லை. செய்த தவறுகளை ஒரு தனி நோட்டில் எழுதி வாரந்தோறும் திருப்பிப் பார்ப்பவனுக்கு அந்த நோட்டே சிறந்த உபாத்தியாயர்.

மூன்றாவது, கணக்கறிந்து விடையளித்தல். ஒன்றுமே தெரியாத நான்கு வினாக்களுக்குக் குருட்டாம்போக்காக விடை குறித்தால், சராசரியில் ஒன்று சரியாகி 4 மார்க்கு வரும்; மூன்று தவறாகி 3 மார்க்கு போகும். நான்கு வினாவுக்கு மிச்சம் ஒரே மார்க்கு. அதுவும் நிச்சயமில்லை. இரண்டு விடைகள் பொருந்தாவென்று தெளிந்து, எஞ்சியவற்றுள் ஒன்றைக் குறிப்பவனுக்கோ, சராசரியில் இரண்டே வினாவில் 3 மார்க்கு மிஞ்சும். பாதி அறிவுக்கும் பயனுண்டு என்பதை இது காட்டுகிறது. தெரிந்த வினாவில் அவசரத்தால் தவறினாலோ, வரவேண்டிய 4-ம் போய், கையிலுள்ள 1-ம் போய், 5 மார்க்கு நஷ்டம். ஜீவசாஸ்திரத்துக்கு 50 நிமிஷம், ரஸாயனத்துக்கு 50, பௌதிகத்துக்கு 70, சரிபார்க்க 10 என்று வீட்டிலேயே கடிகாரம் வைத்துப் பழகுதல் நலம்.

நான்காவது, பாஷை. தமிழில் பரீட்சை எழுதலாம். அதைத் தேர்ந்தவர்க்கு வினாத்தாள் தமிழிலும் இங்கிலீஷிலும் தரப்படுகிறது. ஐயம் நேர்ந்தால் இங்கிலீஷ் வாசகமே முடிவானது என்பது விதி. 2018-ல் தமிழ்த் தாளில் 49 வினாக்களில் மொழிபெயர்ப்புப் பிழை இருந்ததென்று கண்டு, 196 மார்க்கு வழங்கும்படி மதுரை ஹைகோர்ட் கிளை தீர்ப்பளித்தது. அவ்வருஷமே சுப்ரீம் கோர்ட் அத்தீர்ப்பை ரத்து செய்தது. தாய்மொழியில் கற்பவன் இவ்விதம் தண்டனை அடைவது நமக்கு மானக்கேடு. அதற்காகப் போராடத்தான் வேண்டும். அதுவரையில் தமிழில் பொருளுணர்ந்து கற்று, ஒவ்வொரு சாஸ்திரப் பதத்துக்கும் நேரான இங்கிலீஷ் பதத்தையும் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்வது மாணாக்கனுக்குக் கேடயமாகும்.

கடைசியாக ஒன்று. இப்பரீட்சையின் பயத்தாலும் தோல்வியாலும் நம் செல்வங்கள் சிலர் உயிரையே இழந்த துயரம் தமிழ்நாட்டின் நெஞ்சில் ஆறாத புண்ணாக இருக்கிறது. ஒரு பிற்பகல் பரீட்சை ஒரு ஜீவனின் மதிப்பை அளந்துவிடாது. இதைப் பெற்றோர் பரீட்சைக்கு முன்பே, வாய் திறந்து, பிள்ளையிடம் சொல்லவேண்டும். மருத்துவம் கிடைக்காவிட்டால் வேறெந்தப் படிப்பு என்பதையும் முன்கூட்டியே கலந்து தீர்மானித்துவிட்டால் பாதி பயம் அகன்றுவிடும்.

தொண்டர்கள் செய்யக்கூடியது யாது? ஊர்தோறும் உள்ள வாசகசாலையில் மாலையில் ஓர் அறை, ஒரு விளக்கு, ஒரு கடிகாரம், இரண்டு வகுப்புப் பாடப்புத்தகங்கள், முந்திய வருஷங்களின் வினாத்தாள்கள், இவை போதும். வைத்தியக் கலாசாலையில் படிக்கும் ஊர்ப்பிள்ளைகள் விடுமுறையில் வந்து பாடம் சொல்லட்டும். ஞாயிறுதோறும் மூன்று மணி நேரம் மாதிரிப் பரீட்சை நடக்கட்டும். பெண்கள் வீடு திரும்பத் துணை அனுப்பட்டும். கட்சிக் கொடி எதுவாயினும் அந்த அறைக்குள் அது வேண்டாம்.

ஊர்வலம் ஒரு நாளில் முடிந்துவிடும். அறையில் எரியும் விளக்கோ ஒவ்வொரு மாலையும் ஏற்றப்படவேண்டியது. அந்தப் பொறுமையான ஊழியத்துக்கு நமது தொண்டர்கள் முன்வருவார்களாக!