பானெட்டுக்கு அடியில் மின்னாத கருப்பு

புதுப்பித்த பழைய கார்களின் பானெட்டைத் திறந்தால் உள்ளே கண்ணாடிபோல் மின்னுகிறதே, தொழிற்சாலையிலிருந்து வந்தபோதும் அப்படித்தான் இருந்ததா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இல்லவே இல்லை.

1964 ஏப்ரலில் அறிமுகமான ஃபோர்டு முஸ்டாங்கையே பாருங்கள். வெளியே சிவப்போ வெள்ளையோ, எஞ்சின் அறை மட்டும் கருப்பு. 1966-லிருந்து எஞ்சினுக்கு நீலம். அறையின் கருப்பு முழுப் பளபளப்பும் இல்லை, முழு மங்கலும் இல்லை. இந்த நடுநிலையைப் பிடிப்பதுதான் பெரும்பாடு.

பெயின்ட்டில் மிக நுண்ணிய சிலிகாத் துகள்களைக் கலக்கிறார்கள். பூச்சு உலர்ந்து சுருங்கும்போது துகள்கள் இருக்கும் இடம் மேடாகவே நின்றுவிடும். கண்ணுக்குத் தெரியாத அந்த மேடுபள்ளத்தில் பட்ட ஒளி ஒரே திசையில் திரும்பாமல் நாலாபுறமும் சிதறுவதால் மினுமினுப்பு அடங்குகிறது. துகள்கள் டப்பாவின் அடியில் மண்டிபோலத் தங்கிவிடும். அடிவரை கலக்காமல் அடித்தால் ஒரே டப்பாவிலிருந்து இரண்டு விதக் கருப்பு வரும். கனமாக அடித்துப் பூச்சு ஈரமாக நின்றாலும் பளபளப்பு ஏறிவிடும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது தொழிற்சாலையின் அவசரம்தான். ஓடிக்கொண்டிருக்கும் வரிசையில் நின்றபடி அடித்த பெயின்ட். மூலைகளில் மெலிந்திருக்கும், ஓரங்களில் புகைபோலப் படிந்திருக்கும். சோதித்தவர் கிறுக்கிய மெழுகுக் குறி, பாகத்தை அடையாளம் காணத் தீட்டிய வண்ணக் கோடு எல்லாம் அப்படியே விற்பனைக்குப் போயின. எங்கள் வீட்டு மர பீரோவின் பின்பலகையில் தச்சர் போட்ட பென்சில் கணக்கு இன்றும் இருக்கிறது. அதுபோலத்தான் இவையும், செய்தவரின் கை பட்ட இடம். தொழிற்சாலை நிலையை அளவுகோலாகக் கொண்ட அமெரிக்கப் போட்டிகளில், கூடுதலாக மினுக்கிய காருக்கு நடுவர்கள் மதிப்பெண்ணைக் குறைக்கிறார்கள். சரியான தீர்ப்பு என்பேன்.

ஆனால் பட்டறைகளில் நடப்பது வேறு. கார் வந்ததும் மணலை வீசி உலோகம் தெரியும்வரை சுரண்டி, மேலே பளபளக்கும் கிளியர் கோட் அடித்துவிடுகிறார்கள். உரிமையாளருக்கும் சந்தோஷம். அறுபது வருடம் தாக்குப்பிடித்த சான்று ஒரே மதியத்தில் அழிந்துபோகிறது. சுரண்டுவதற்கு முன் மண்ணெண்ணெய்கூடப் படாமல் தூசியை மட்டும் துடைத்து, ஒவ்வொரு குறியையும் பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். பானெட் கீலுக்குப் பின்னால், பேட்டரித் தட்டுக்கு அடியில் என்று வெயிலும் கையும் படாத இடங்களில்தான் அசல் கருப்பு மிஞ்சியிருக்கும். புதுப் பெயின்ட்டை அதன் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுவிட்டு அப்புறம் ஸ்ப்ரே கன்னை எடுங்கள்.