பாத்ரூமில் கோரஸ், மொட்டை மாடியில் வீடியோ: ஒரு இண்டி பாட்டு ஊருக்குக் கிளம்புகிறது

மாடிப்படி ஏறும்போதே பேச்சை நிறுத்திக்கொள்ளுங்கள், மேலே டேக் ஓடிக்கொண்டிருக்கிறது. சாலிகிராமத்தில் சினிமா ஒலிப்பதிவுக் கூடங்கள் இருக்கிற தெருவிலிருந்து இரண்டு திருப்பம் தள்ளி, ஒரு பழைய அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாவது தளம். வாசலில் செருப்புக் குவியல். பக்கத்தில் ஒரு பறை, ஒரு தண்ணீர் கேன், யாருடையது என்று யாருக்குமே தெரியாத ஒரு ஹெல்மெட். உள்ளே ஐந்து பேர் கொண்ட ஒரு தமிழ் இண்டி குழு, அடுத்த மாதம் ஸ்ட்ரீமிங் தளங்களில் வரப்போகிற பாட்டை முடித்துக்கொண்டிருக்கிறது. பெயர் எழுதக் கூடாது, வெளிவரும் முன் ஒரு வரிகூட வெளியே போகக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் என்னை உள்ளே விட்டார்கள். கம்பெனி இல்லை, ஹீரோ இல்லை, பட விளம்பரம் இல்லை. அப்படிப்பட்ட பாட்டு ஆட்களைத் தேடிப் போவதைப் பக்கத்தில் நின்று பார்க்கப் போகிறேன் என்ற சந்தோஷத்தில் எனக்கு முதல் நாள் இரவு தூக்கமே வரவில்லை.

படுக்கையறைதான் ஸ்டுடியோ. ஜன்னலை அடைத்து ஒரு இலவம்பஞ்சு மெத்தை, அதன் மேல் ஜமுக்காளம். ஏ.சி. இருக்கிறது, ஆனால் டேக் போகும்போது அதைத் தொடக் கூடாது. அதன் உறுமலை மைக் பிடித்துவிடும். ஃபேனுக்கும் தடை. பாடகர் தோளில் துண்டோடு நிற்கிறார், துண்டைப் பிழிந்தால் ஒரு டம்ளர் தேறும். மைக்குக்குப் பின்னால் சுவரில் ஸ்கெட்ச் பேனாவில் எழுதிய ஒரு தாள்: ‘மோட்டார் 6.30. கீழ் வீட்டுக் குக்கர் 8. ஸ்கூல் வேன் 3.45. சனிக்கிழமை சாயந்திரம் – மண்டபத்துல கல்யாணம், விட்டுடு.’ இந்தத் தெருவின் சத்தமெல்லாம் அட்டவணை போட்டாகிவிட்டது! இடைப்பட்ட நேரங்களில்தான் பாட்டு. உச்சஸ்தாயியில் ஒரு வரி அழகாக ஏறி நிற்கும்போது கீழே கீரைக்காரம்மா குரல் கொடுத்தார். “அக்கா, அவங்க சுருதி எங்களைவிட சுத்தம்,” என்றார் மிக்ஸிங் செய்யும் தம்பி, ஹெட்போனைக் கழற்றாமலே.

கோரஸுக்கு எல்லோரும் பாத்ரூமுக்குப் போகிறார்கள். டைல்ஸ் சுவரில் குரல் முட்டித் திரும்புகிற அந்த எதிரொலி எந்த மென்பொருளிலும் இப்படி வராது என்று பறை வாசிப்பவர் அடித்துச் சொல்கிறார். வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஒரு மைக். ஆறாவது ஆள் இல்லாததால் கைதட்ட என்னையும் இழுத்துவிட்டார்கள். ஒருவர் வாய்க்குள் “ஒண்ணு, ரெண்டு” என்று எண்ண, ஆறு ஜோடிக் கைகள் ஒரே நொடியில் விழுந்தபோது காது அடைத்துப் போனது. அந்தத் தட்டு இறுதி மிக்ஸில் இருக்கிறது, இரண்டாவது சரணத்துக்கு முன்னால். ஆமாம், பத்து தடவை கேட்டுச் சரிபார்த்துவிட்டேன்.

அடுத்த முறை போனபோது வியர்வை இல்லை, முணுமுணுப்புதான் அதிகம். பாட்டை அனுப்புகிற நாள். ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக், யூடியூப் மியூசிக் மூன்றுக்கும் பாட்டைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது டிஸ்ட்ரிபியூட்டர் எனப்படும் ஒரு இடைநிலை நிறுவனம். டிஸ்ட்ரோகிட், டியூன்கோர் மாதிரி. வருடச் சந்தா கட்டி, படிவத்தை நிரப்பி, WAV கோப்பை ஏற்ற வேண்டும். பாட்டுக்கு ஜாதகம் எழுதுகிற வேலை இது. பாடல் எழுதியவர் யார், இசை யார், என்ன மொழி, வரியில் கெட்ட வார்த்தை உண்டா, அட்டைப்படம் 3000 பிக்ஸலுக்கு 3000 பிக்ஸல் இருக்கிறதா என்று ஒவ்வொரு கட்டமாகக் கேட்டுக்கொண்டே போகிறது. கடைசியில் பதிவுக்கென்று ஐ.எஸ்.ஆர்.சி. என்ற 12 எழுத்து-எண் அடையாளம் ஒன்று கிடைக்கிறது. உலகத்தில் எங்கே ஒலித்தாலும் அந்தப் பதிவை அதை வைத்துத்தான் அடையாளம் காண்கிறார்கள்.

‘ஆர்ட்டிஸ்ட் பெயர்’ என்ற கட்டம் வந்ததும் அறையே சிரித்தது. இவர்களுடைய முதல் பாட்டு, அதே பெயரில் வேறு கண்டத்தில் இருக்கும் ஒரு மெட்டல் இசைக்குழுவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டதாம். ரத்தமும் மண்டை ஓடுமாக இருந்த அட்டைப்படங்களுக்கு நடுவே இவர்களுடைய தாலாட்டு! “அவங்க ரசிகர் ஒருத்தர் நல்லா தூக்கம் வந்துச்சுன்னு எழுதியிருந்தாரு,” என்கிறார் வயலின் வாசிக்கும் பெண். அன்றிலிருந்து ஏற்கெனவே இருக்கும் தங்கள் பக்கத்தின் சுட்டியை ஒட்டாமல் யாரும் அடுத்த கட்டத்துக்குப் போவதில்லை.

வெளியீட்டுத் தேதி நான்கு வாரம் தள்ளி ஒரு வெள்ளிக்கிழமை. பாட்டு முடிந்தால் இன்றே போடலாமே என்று கேட்டேன். கேட்டதுதான் தாமதம், ஐந்து பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ‘ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸ்’ என்று கலைஞர்களுக்கான ஒரு செயலி இருக்கிறது. இன்னும் வெளிவராத பாட்டை அதன் வழியாகத்தான் பிளேலிஸ்ட் தொகுக்கும் ஆசிரியர்களுக்குக் காட்ட முடியும். குறைந்தது ஏழு நாள் முன்பே காட்டிவிட்டால், அவர்கள் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், குழுவை ஃபாலோ செய்பவர்களின் ‘ரிலீஸ் ரேடார்’ பட்டியலில் அந்த வெள்ளிக்கிழமை பாட்டு போய் நிற்கும். அவசரப்பட்டு இன்றே போட்டால் அந்தக் கதவு மூடிக்கொள்ளும். நல்ல பாட்டை எழுதிவிட்டு இந்த ஒரு வாரத்தைக் கோட்டைவிடுகிற இளைஞர்கள் எத்தனை பேரோ! நினைத்தால் மனசு ஆறவில்லை.

பாட்டைப் பற்றி அந்த ஆசிரியர்களுக்கு எழுத இருக்கிற இடம் 500 எழுத்து. அதற்காக இவர்கள் போட்ட சண்டை இருக்கிறதே! பாடகர் ‘மண்ணின் வலியை’ என்று தொடங்கினார். “வெட்டு,” என்றார் வயலின்காரர். “ஆத்மார்த்தமான?” “அதையும் வெட்டு. யார் வாசிக்கிறாங்க, எதைப் பத்திப் பாட்டு, நாம என்ன வேலை பண்ணப் போறோம், அவ்வளவுதான்.” ஐ.டி. வேலை பார்க்கிற பாடகருக்குத் தன் அடைமொழிகள் போவது பொறுக்கவில்லை. ஆனாலும் முடிவில் நின்றது ஒரு தெளிவான பத்தி. இரவு ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போகும் ஒருவனின் பாட்டு, பறையும் வயலினும், மொட்டை மாடியில் எடுத்த வீடியோ. எனக்கு உடனே கேட்கத் தோன்றியது.

அந்த மொட்டை மாடிக்கும் போனேன். ஸ்பாட்டிஃபையில் பாட்டு ஓடும்போது பின்னால் சுழலுமே ஒரு சின்ன வீடியோ, அதை ‘கேன்வஸ்’ என்கிறார்கள். மூன்றிலிருந்து எட்டு நொடிக்குள் முடிய வேண்டும். அந்த எட்டு நொடிக்கு ஒரு முழு சாயங்காலம் போனது. கொடியில் காய்ந்த சேலைகளுக்கு நடுவே பாடகர் நடந்து வர வேண்டும். காற்று வந்தால் வெளிச்சம் இல்லை, வெளிச்சம் வந்தால் காற்று இல்லை. இரண்டும் சேர்ந்து வந்த நேரத்தில் கீழ் வீட்டுப் பாட்டி துணி எடுக்க வந்துவிட்டார். “நான் போகவாப்பா, நிக்கவா?” என்று கேட்டார். நிற்கச் சொன்னார்கள். மடித்த சேலைகளோடு அவர் திரும்பிப் பார்க்கிற அந்தப் பார்வைதான் இப்போது கேன்வஸ். யோசித்து வைத்திருந்த காட்சியைவிட நூறு மடங்கு நன்றாக இருக்கிறது.

ரீல்ஸுக்கு எந்தப் பதினைந்து நொடி என்பது அடுத்த பஞ்சாயத்து. சாய் அபயங்கரின் ‘கட்சி சேர’ 2024இல் ரீல்ஸில் ஊரெல்லாம் ஆடியதையும், சினிமா அவரைத் தேடி வந்து கூட்டிப்போனதையும் இந்த அறையில் பேசாத நாளில்லை. 2021இல் வந்த ‘எஞ்சாய் எஞ்சாமி’ பற்றிய பேச்சும் அப்படித்தான். படம் இல்லாமலும் ஒரு தமிழ்ப் பாட்டு வீடு வீடாகப் போகும் என்ற தெம்பு இவர்களுக்கு அங்கிருந்து வந்தது. ஆனால் பறை வாசிப்பவருக்கு ஒரு பிடிவாதம். “ஆடுற மாதிரி துண்டை வெட்டாத மச்சி, பாட்டைப் போய்த் தேடுற மாதிரி துண்டை வெட்டு.” அரை வரியில் அறுந்து நிற்கிற இடத்தைத்தான் கடைசியில் எடுத்தார்கள்.

அந்த வாரத்தில்தான் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி: குறைந்த காசில் பத்தாயிரம் ஸ்ட்ரீம், இரண்டே நாளில். தம்பி படித்துக் காட்டிவிட்டு பிளாக் செய்தார். போலி ஸ்ட்ரீம் பிடிபட்டால் பாட்டையே தூக்கிவிடுவார்கள்; டிஸ்ட்ரிபியூட்டருக்கு ஸ்பாட்டிஃபை விதிக்கிற அபராதமும் கலைஞர் தலையில் வந்து விடியலாம். அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்றை அவர் சொன்னார்: “ரோபோ கேட்டா, அடுத்து யாருக்குப் பாட்டைக் காட்டணும்னு சிஸ்டத்துக்கே குழம்பிடும்கா. நிஜ ஆளுங்க கிட்ட போகாது.”

வியாழக்கிழமை இரவு. பாய் விரித்து, பரோட்டாப் பொட்டலங்களைப் பிரித்து, நடுராத்திரிக்காகக் காத்திருக்கிறோம். மணி ஒன்பதரை. பாடகரின் கைப்பேசி துடிக்கிறது. கோலாலம்பூரில் இருக்கும் தோழி: ‘வந்துருச்சு!!!’ என்று ஒரு ஸ்கிரீன்ஷாட். அந்தந்த நாட்டின் நள்ளிரவில்தான் பாட்டு திறக்கிறது, மலேசியா நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறதே! சால்னா கையோடு எல்லோரும் அந்த ஒரு படத்தின் மேல் கவிழ்ந்தார்கள். தங்கள் பாட்டைத் தாங்களே இன்னும் திறக்க முடியாமல், இன்னொரு நாட்டில் அது ஒலிப்பதைப் பார்த்தபடி கத்திய அந்தக் கத்தலுக்கு, கீழ் வீட்டுப் பாட்டி விளக்கைப் போட்டார்.

பன்னிரண்டுக்கு இங்கேயும் திறந்தது. முதல் ஏழு நாளுக்கு எண்ணிக்கை அவ்வப்போதே ஏறுவதை ஸ்பாட்டிஃபையின் அந்தக் கலைஞர் செயலி காட்டும். ஒன்று. மூன்று. “மூணும் நாமதான்டா,” என்றார் வயலின்காரர். பிறகு பதினைந்து. இருபத்தி… யாரென்றே தெரியாத ஒருவர்! வண்டி ஓட்டிக்கொண்டோ, பாத்திரம் கழுவிக்கொண்டோ, எங்கேயோ ஒருவர் நான் கைதட்டிய பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

காசைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஒரு ஸ்ட்ரீமுக்கு இவ்வளவு என்று நிலையான விலை கிடையாது. மொத்த வருமானத்தின் ஒரு பகுதி பொதுவில் சேர்ந்து, யார் பாட்டு எவ்வளவு ஒலித்ததோ அந்த விகிதத்தில் பிரிகிறது. 2024 முதல், ஒரு பாட்டு முந்தைய 12 மாதத்தில் 1000 ஸ்ட்ரீமாவது தொட்டிருந்தால்தான் ஸ்பாட்டிஃபை அதற்குப் பதிவு உரிமைத்தொகையே தரும். சின்னக் கலைஞர்களுக்கு இது கொடுமையான விதி, எனக்கு இதில் சமாதானமே இல்லை. இவர்கள் அதைத் திட்டிவிட்டு வேலையைப் பார்க்கிறார்கள். வந்த பணம் இதுவரை பரோட்டாவுக்கும் கேபிளுக்கும் சரியாக இருந்திருக்கிறது.

ஆனால் அந்தச் செயலியில் பணத்தைவிட மதிப்பான ஒரு பக்கம் உண்டு: எந்த ஊரில் எத்தனை பேர் கேட்டார்கள் என்பது. வெளியான அடுத்த வாரம் போனபோது, ஐந்து தலைகளும் அந்தப் பட்டியலின் மேல்தான். சென்னை முதலில் இருந்தது எதிர்பார்த்ததே. இரண்டாவது கோவை! அங்கே இவர்களுக்கு ஒரு சொந்தக்காரர்கூட இல்லை. அங்கேயே உட்கார்ந்து கோவையில் ஒரு சின்ன நிகழ்ச்சிக்கு இடம் தேட ஆரம்பித்துவிட்டார் பறை வாசிப்பவர். கேட்டவர்கள் எத்தனை பேர் பாட்டைச் சேவ் செய்தார்கள் என்பதைத்தான் தம்பி முதலில் பார்க்கிறார். “கேட்டுட்டுப் போறவங்க வழிப்போக்கர், எடுத்து வச்சுக்கிறவங்க நம்ம ஆளு,” என்றார். அப்படி எடுத்து வைத்துக்கொண்ட பாட்டுதான் இன்னொருவரின் திங்கட்கிழமை ‘டிஸ்கவர் வீக்லி’யில் போய் முளைக்கும் என்பது இவர்கள் அனுபவம்.

பாடகர் மூலையில் உட்கார்ந்து இன்ஸ்டாகிராமில் வந்த ஒவ்வொரு செய்திக்கும் பதில் போட்டுக்கொண்டிருந்தார். இருதயப் படத்தை அள்ளி வீசுவதில்லை, பெயர் சொல்லி, கேள்வி கேட்டு. டொராண்டோவிலிருந்து ஒருவர், தானும் இரவு ஷிஃப்ட் என்று எழுதியிருந்தார். சொந்தமாகத் தமிழ் இண்டி பிளேலிஸ்ட் நடத்தும் ரசிகர்களுக்கும் இவர்தான் எழுதுகிறார். அந்தப் பட்டியலை முழுக்கக் கேட்டு, அதில் தனக்குப் பிடித்த வேறொருவர் பாட்டைச் சொல்லிவிட்டுத்தான் தங்கள் பாட்டைக் கொடுப்பார். கண் சிவந்திருந்தது, ஷிஃப்டுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

அதற்குள் அடுத்த பாட்டுக்குச் சண்டை தொடங்கிவிட்டது. அது 25 நொடி வயலினோடு ஆரம்பிக்கிறது. யூடியூப் ஸ்டுடியோவின் வரைபடத்தில் ஆட்கள் முதல் சில நொடியிலேயே நழுவுவதைக் காட்டி, முப்பது நொடி தாண்டினால்தான் ஸ்பாட்டிஃபையில் ஒரு ஸ்ட்ரீம் கணக்காகும் என்று சொல்லி, வயலினைப் பாதியாக வெட்டலாம் என்றார் தம்பி.

“உன் மிக்ஸிங்கைப் பாதியா வெட்டவா?” என்று வில்லை நீட்டினார் வயலின்காரர். பிறகு ஒரு வார்த்தை பேசாமல் அந்த 25 நொடியை வாசித்தார். கீழே ஸ்கூல் வேன் வந்து நின்றதைக்கூட யாரும் கவனிக்கவில்லை.

ஐந்து பேரும் ஓட்டுப் போட்டார்கள். எனக்கு ஓட்டில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள், இருந்தாலும் வயலினுக்குக் கை தூக்கினேன். மூன்றுக்கு இரண்டு, வயலின் முழுசாக இருக்கும். வெட்டச் சொன்ன தம்பியே கடைசி நிமிடத்தில் கட்சி மாறிவிட்டார்.