எதிரொலியால் இருதயத்தை அறிதல்

ஹைதராபாத் நகரின் வடமேற்கே, மும்பை செல்லும் நெடுஞ்சாலையில் பட்டான்செரு என்னும் தொழில் வட்டாரம் உள்ளது. அதனை அடுத்த இராமச்சந்திரபுரத்தில் பாரத மிகுமின் நிறுவனத்தின் தொழிற்சாலை அமைந்திருக்கிறது. டர்பைன் போன்ற பெரிய இயந்திரங்களைச் செய்யும் ஆலைகளில், உருக்குத் துண்டின் உட்புறத்தே விரிசல் உண்டா என்பதை, அதனை அறுத்துப் பாராமலே கண்டறிய ஒரு முறை கையாளப்படுகிறது. மனிதச் செவிக்குக் கேளாத ஒலியை உலோகத்தினுள் செலுத்தி, அது எங்கே பட்டுத் திரும்புகிறது என்று பார்ப்பதே அம்முறை. அதே வகை ஒலி மருத்துவமனையில் இருதயத்தின் நிலையை அறியவும் பயன்படுகிறது. பொதுமக்கள் 'எக்கோ' என்று வழங்கும் பரிசோதனை இதுவே. இதனை நடத்தும் தொழில்நுட்பரின் வேலை யாது, அவருடைய கைத்திறனை நோயாளியின் நலம் எவ்வளவு சார்ந்துள்ளது என்பவற்றை இங்குக் காண்போம்.

கப்பல் தளத்திலிருந்து மருத்துவமனைக்கு

ஆலைக்கும் மருத்துவமனைக்கும் உள்ள இத்தொடர்பு தற்செயலானதன்று. சுவீடன் நாட்டில் லுண்ட் நகரில் இங்கே எட்லர் என்ற இருதய மருத்துவர் பணியாற்றி வந்தார். இருதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையே உள்ள ஈரிதழ் வால்வு சுருங்கிப்போனால், அறுவைச் சிகிச்சையால் அதனை விரிக்கும் முறை அக்காலத்தில் பரவத் தொடங்கியிருந்தது. ஆனால் வால்வு சுருங்கியுள்ளதா, ஒழுகுகிறதா என்பதை மார்பைத் திறக்குமுன் உறுதியாக அறிய இயலவில்லை. எட்லர் இக்குறையை ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற பௌதிக விஞ்ஞானியிடம் எடுத்துரைத்தார். அருகிலுள்ள மால்மோ துறைமுகக் கப்பல் தளத்தில் உலோகப் பரிசோதனைக்கு வைத்திருந்த கருவியை இருவரும் முதலில் பயன்படுத்திப் பார்த்தனர். பின்னர் சீமன்ஸ் நிறுவனத்திடமிருந்து பெற்ற கருவியைக் கொண்டு, 1953 அக்டோபர் 29இல், இருதயச் சுவர்களின் அசைவை எதிரொலியாகப் பதிவு செய்தனர். இப்பணிக்காக 1977இல் இருவருக்கும் லாஸ்கர் பரிசு வழங்கப்பட்டது.

கருவி வேலை செய்யும் விதம்

மனிதச் செவி வினாடிக்குச் சுமார் 20,000 அதிர்வு வரையுள்ள ஒலியையே கேட்கும். பெரியவர்களின் இருதயத்தைப் பரிசோதிக்கும் ஒலி வினாடிக்கு 20 இலட்சம் முதல் 50 இலட்சம் வரை அதிர்வுடையது. 'புரோப்' எனப்படும் கைக்கருவியின் முனையிலுள்ள பொருள், மின்சாரம் பாய்ந்ததும் அதிர்ந்து இவ்வொலியை எழுப்புகிறது. திரும்பி வரும் எதிரொலி பட்டதும் மீண்டும் மின்சாரத்தைத் தருகிறது. சில படிகங்களுக்கு அழுத்தத்தால் மின்சாரம் தரும் இயல்பு உண்டென்பதை 1880இல் கியூரி சகோதரர்கள் கண்டறிந்தனர்.

உடலின் தசைகளில் ஒலி வினாடிக்குச் சுமார் 1,540 மீட்டர் வேகத்தில் செல்கிறது. 15 சென்டிமீட்டர் ஆழத்திலுள்ள வால்வில் பட்டு அது திரும்பி வர, ஒரு வினாடியில் ஏறத்தாழ ஐயாயிரத்தில் ஒரு பங்கு நேரம் ஆகும். இந்நேரத்தை அளந்து, ஆழத்தைக் கணக்கிட்டு, அசையும் படமாகத் திரையில் காட்டுவது கருவியின் வேலை. அப்படம் சரியான இடத்திலிருந்து எடுக்கப்பட்டதா என்பதைப் பார்த்துக்கொள்வது தொழில்நுட்பரின் வேலை.

பரிசோதனை அறையில்

நோயாளியை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கச் செய்வது முதற் காரியம். அவ்வாறு படுத்தால் இருதயம் மார்புச் சுவரை நெருங்குகிறது. நுரையீரலும் சற்று விலகி வழிவிடுகிறது. கேளா ஒலியைக் காற்று ஏறத்தாழ முழுவதும் திருப்பிவிடுமாதலால், புரோப்புக்கும் தோலுக்கும் இடையே காற்று புகாதவாறு ஜெல் பூசப்படுகிறது. விலா எலும்பும் ஒலியைத் தடுக்கும். ஆகவே விலாக்களின் இடுக்கு, இருதயத்தின் முனை, மார்பெலும்பின் அடிப்பகுதி, தொண்டைக்குழி ஆகிய சில இடங்களிலிருந்துதான் இருதயத்தைப் பார்க்க முடியும். நோயாளியின் பருமன், வயது, மூச்சு இவற்றுக்கேற்ப இவ்விடங்கள் சிறிது மாறும். 'மூச்சை வெளியே விட்டு நிறுத்துங்கள்' என்று சொல்லி, அந்தச் சில நொடிகளுக்குள் படத்தைப் பிடிக்க வேண்டியிருக்கும்.

அறைகளின் அளவு, சுவர்களின் தடிப்பு, வால்வுகள் திறந்து மூடும் விதம், இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடமுள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியேற்றுகிறது என்பன வரிசையாக அளக்கப்படுகின்றன. நோயின் பெயரைக் கூறுவது மருத்துவரின் பொறுப்பு. ஆயினும் இருதயத்தைச் சூழ்ந்து நீர் தேங்கியிருப்பதையோ, அறைக்குள் ரத்தக்கட்டி அசைவதையோ முதலில் காண்பவர் தொழில்நுட்பரே. அப்போது அறிக்கை எழுதும்வரை காத்திராமல் மருத்துவரை உடனே அழைப்பது அவர் கடமை.

கோணம் தவறினால்

ரத்தம் ஓடும் வேகத்தையும் இக்கருவி அளக்கிறது. ஒலி தரும் பொருள் நெருங்கினாலும் விலகினாலும் அதிர்வு எண் மாறித் தோன்றும் என்று 1842இல் கிறிஸ்டியன் டாப்ளர் கூறிய விதியே இதற்கு அடிப்படை. ஒலிக்கதிரும் ரத்த ஓட்டமும் ஒரே நேர்க்கோட்டில் அமைந்தால்தான் முழு வேகமும் பதிவாகும். கோணம் விலக விலக வேகம் குறைந்து தோன்றும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். பெருந்தமனியின் வாயிலிலுள்ள வால்வு சுருங்கிய நோயாளி ஒருவருக்கு, ரத்தம் அதன் வழியே வினாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் பீறிடுகிறது என்று கொள்வோம். வேகத்தின் வர்க்கத்தை நான்கால் பெருக்கினால், வால்வின் இருபுறமும் உள்ள அழுத்த வேறுபாடு கிடைக்கும். இங்கு அது 64 மில்லிமீட்டர் பாதரசமாகும். வினாடிக்கு 4 மீட்டரும் அதற்கு மேலும் உள்ள வேகம் கடுஞ்சுருக்கத்தின் அறிகுறி. புரோப் 30 பாகை விலகியிருந்தால், வேகம் ஏறத்தாழ 3.5 மீட்டராகவும் அழுத்த வேறுபாடு 48 ஆகவும் பதிவாகும். கடுமையான நோய் 'நடுத்தரம்' என்று அறிக்கையில் ஏறிவிடும். மயக்கம், மார்வலி, மூச்சுத்திணறல் தோன்றிய பின்னரும் இவ்வால்வை மாற்றாவிடில், பலர் சில ஆண்டுகளுக்குள் இறக்க நேரிடுகிறது.

இப்பிழை எப்போதும் நோயைக் குறைத்தே காட்டும், மிகைப்படுத்திக் காட்டாது. ஆதலால் தேர்ந்த தொழில்நுட்பர் ஓரிடத்தில் கிடைத்த எண்ணோடு அமைதி கொள்வதில்லை. மார்பின் வலப்பக்கத்திலிருந்தும் தொண்டைக்குழியிலிருந்தும் தேடிப் பார்த்து, கிடைத்தவற்றுள் மிக உயர்ந்த வேகத்தையே ஏற்கிறார்.

பள்ளிச் சிறுவர்களும் எக்கோவும்

எட்லரைச் சிந்திக்க வைத்த ஈரிதழ் வால்வுச் சுருக்கம் பெரும்பாலும் ருமாட்டிக் காய்ச்சலின் விளைவு. 5 முதல் 15 வயது வரையுள்ள சிறுவர்களுக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமியால் தொண்டைப்புண் வந்து, இரண்டு மூன்று வாரங்களுக்குப் பின் காய்ச்சலும், ஒரு மூட்டிலிருந்து மற்றொரு மூட்டுக்கு மாறும் வலியும் தோன்றுவது இதன் இயல்பு. மூட்டுவலி மறைந்துவிடும், வால்வில் ஏற்பட்ட கேடு நிலைத்துவிடும். கம்போடியாவிலும் மொசாம்பிக்கிலும் பள்ளிச் சிறுவர்களிடையே நடத்தப்பெற்று 2007இல் வெளியான ஆய்வில், ஸ்டெதாஸ்கோப்பால் தொடங்கிய பரிசோதனையில் அறியப்பட்டதைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு வால்வுக் கேடு எக்கோவால் வெளிப்பட்டது. இவ்வாறு மறைந்திருக்கும் நோயுடைய சிறுவர்களை உகாண்டாவில் இரண்டாண்டுகள் கவனித்தபோது, நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி பெற்றவர்களில் 0.8 சதவீதத்தினருக்கும், பெறாதவர்களில் 8.2 சதவீதத்தினருக்கும் நோய் முற்றியது.

இங்கும் கைத்திறனே முக்கியம். மெல்லிய கசிவைக் காணாது விட்டால் ஒரு குழந்தை சிகிச்சையை இழக்கும். இயற்கையான சிறு கசிவை நோயென்று கொண்டால் நலமுள்ள குழந்தை ஆண்டுக்கணக்கில் ஊசி பெறும். ஆதலால்தான் 2012இல் உலக இருதயக் கூட்டமைப்பு வகுத்த அளவைகள், கசிவு இரண்டு கோணங்களிலாவது தெரிய வேண்டும் என விதித்தன.

பயிற்சியும் தகுதியும்

மேல்நிலைப் பள்ளியில் விஞ்ஞானப் பாடங்கள் பயின்றவர்கள் இருதயத் தொழில்நுட்பப் பட்டப்படிப்பில் சேரலாம். மருத்துவமனைப் பயிற்சியும் அதன் பகுதியாகும். இத்தகைய தொழில்களின் கல்வித் தரத்தையும் பதிவையும் ஒழுங்கு செய்ய 2021இல் மத்திய அரசு தனிச் சட்டம் இயற்றியது. எக்ஸ்-கதிர் போன்ற கதிர்வீச்சு இவ்வேலையில் இல்லை. எனினும் நாள் முழுதும் கையை நீட்டிப் புரோப்பை அழுத்திப் பிடிப்பதால் தோளிலும் மணிக்கட்டிலும் வலி உண்டாவது சாதாரணம். கட்டிலின் உயரத்தைச் சரிசெய்தும் இடையிடையே ஓய்வு கொண்டும் அதனைக் குறைக்கலாம்.

தொழில்நுட்பரிடம் வந்து சேரும் நோயாளியையே கருவி காட்ட முடியும். தொண்டைப்புண்ணுக்குப் பின் மூட்டுவலி கண்ட மாணவனை, வலி நின்றுவிட்டது என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் அனுப்பும் ஆசிரியரும், ஊசி தவறிய குழந்தையின் வீட்டுக்குச் சென்று நினைவூட்டும் களப்பணியாளரும் இப்பரிசோதனையின் பயனை முழுமையாக்குகின்றனர்.