ஸ்டாப்வாட்ச் யார் கையில்?

1899-இல் அமெரிக்காவின் பெத்லகேம் உருக்காலையில், ஒவ்வொன்றும் சுமார் 42 கிலோ எடையுள்ள இரும்புக் கட்டிகளைத் தூக்கிக்கொண்டு, சாய்வுப் பலகையில் ஏறி, தொழிலாளர்கள் ரயில் வேகனில் போட வேண்டியிருந்தது. நாளொன்றுக்கு ஒருவர் ஏற்றியது பன்னிரண்டரை டன். எப்போது தூக்குவது, எப்போது உட்காருவது என்பதையும் மேற்பார்வையாளரே சொல்லும்படி செய்து அதை 47 டன்னாக உயர்த்தியதாக ஃபிரடெரிக் டெய்லர் என்ற பொறியாளர் எழுதினார். கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலர் ஆனது. இந்தக் கதையில் மிகை உண்டு என்று பிற்கால ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆனாலும் இன்றைய மேலாண்மைக் கோட்பாடுகளின் தொடக்கம் இதுதான்.

அதுவரை வேலையின் சூட்சுமம் தொழிலாளியிடம் இருந்தது. டெய்லர் ஸ்டாப்வாட்ச் வைத்து ஒவ்வோர் அசைவையும் அளந்து, அந்த அறிவை அலுவலகத்துக்கு மாற்றினார். யோசிப்பது மேலே, செய்வது கீழே. ஆட்கள் வேண்டுமென்றே மெதுவாக வேலை செய்வதையும் அவர் கவனித்திருந்தார். காரணமும் அவருக்குத் தெரியும்: அதிகம் செய்து காட்டினால் முதலாளி பீஸ் ரேட்டை, அதாவது செய்த அளவுக்குத் தரும் கூலி விகிதத்தை, குறைத்துவிடுவார். அறிவியல் முறையில் ரேட்டை நிர்ணயித்தால் இந்தச் சண்டை தீரும் என்று நம்பினார். தீரவில்லை. 1911-இல் வாட்டர்டவுன் ராணுவத் தளவாட ஆலைக்கு ஸ்டாப்வாட்ச் வந்ததும் வார்ப்புத் தொழிலாளர்கள் வெளிநடப்பு செய்தார்கள். நாடாளுமன்ற விசாரணை நடந்தது; அரசு ஆயுத ஆலைகளில் ஸ்டாப்வாட்ச் பயன்படுத்த 1915-இல் தடை வந்தது.

ஹென்றி ஃபோர்டு 1913-இல் நகரும் அசெம்பிளி லைனைக் கொண்டுவந்தபோது ஆட்கள் வேலையை விட்டே ஓடினார்கள். அடுத்த ஜனவரியில் நாளுக்கு 5 டாலர் என்று அறிவித்துத்தான் அவர்களைத் தக்கவைக்க முடிந்தது.

பிறகு சிகாகோ அருகே, தொலைபேசிக் கருவிகள் செய்த ஹாதோர்ன் ஆலை. 1924 முதல் 1932 வரை நடந்த ஆய்வுகளில், விளக்கொளியைக் கூட்டினாலும் குறைத்தாலும் உற்பத்தி ஏறியது என்பதே எல்லோரும் சொல்லும் கதை. தங்களைக் கவனிக்கிறார்கள் என்ற உணர்வே உழைக்க வைக்கிறது என்ற முடிவு அதிலிருந்து பிறந்தது. ஆய்வாளர் எல்டன் மேயோவின் 'மனித உறவுகள்' அணுகுமுறை இப்படி வளர்ந்தது. அதே ஆய்வுத் தொடரின் இன்னொரு பகுதியில், அதிகம் பேசிய, சொன்னபடி கேட்காத இரண்டு பெண்களை நீக்கிவிட்டு வேறு இருவரைச் சேர்த்ததை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை.

இதைவிட முக்கியமானது அதே ஆலையின் வயர் இணைக்கும் அறை. அங்கே இருந்த 14 ஆண்கள், ஒரு நாளுக்கு இவ்வளவுதான் என்று தங்களுக்குள் ஒரு அளவு வைத்திருந்தார்கள். அதைத் தாண்டியவரின் புஜத்தில் சக தொழிலாளி ஒரு குத்து விடுவார். அதிகம் செய்தால் ரேட் குறையும், ஆட்குறைப்பு வரும் என்பதே அவர்கள் சொன்ன காரணம். டெய்லர் பார்த்த அதே அச்சம். மேயோவின் சீடர்கள் இதைக் குழு உணர்வாகப் படித்தார்கள். எனக்கு இது தெளிவான கூலிக் கணக்காகவே தெரிகிறது.

மனிதன் இயல்பிலேயே சோம்பேறி, அல்லது பொறுப்பை விரும்புபவன் என்ற இரு அனுமானங்களை மேலாண்மை அறிஞர் டக்ளஸ் மெக்ரிகர் 1960-இல் தன் புத்தகத்தில் எதிரெதிரே நிறுத்தினார். புத்தகத்தில் இருந்ததை ஆலையில் காட்டியது டொயோட்டா. குறை கண்டால் சாதாரணத் தொழிலாளியே கயிற்றை இழுத்து லைனை நிறுத்தலாம். கலிஃபோர்னியாவின் ஃபிரிமாண்ட் நகரில், வேலைக்கு வராமை மலிந்து ஜெனரல் மோட்டார்ஸ் 1982-இல் மூடிய ஆலையை, 1984-இல் இரு நிறுவனங்களும் சேர்ந்து திறந்தன. பெரும்பாலும் அதே பழைய ஆட்கள், அதே தொழிற்சங்கம். சில ஆண்டுகளிலேயே தரத்தில் அமெரிக்காவின் முன்னணி ஆலைகளில் ஒன்றானது. மாறியது நிர்வாகம்தான்.

இன்று கிடங்குகளில் ஸ்கேனரும், டெலிவரி ஊழியரின் கைபேசிச் செயலியும் நொடிக்கணக்கு எடுக்கின்றன. உங்கள் நிறுவனத்திலும் புதிய இலக்குத் திட்டம் ஒன்று வரலாம். அப்போது இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: இந்த இலக்கை வகுக்கும்போது வேலை செய்பவர்களைக் கேட்டார்களா? இந்த மாதம் எட்டிவிட்டால், அடுத்த மாதம் அதை உயர்த்துவார்களா?